சிராங்கூன் ரோட்டில் கொழுக்கட்டைப் பொங்கல்

சிங்கப்பூரில் இருக்கும் காமாட்சி அக்கா குளிர்காய்ச்சலில் கிடந்து எழுந்திருக்கிறாள், கூடமாட ஒத்தாசைக்குப் பெண்துணை இல்லை என்று சேதி வந்தபோது என் பாப்பாவுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு கடல் தாண்டுவதா என்று நாகப்பட்டினத்து வீட்டில் எல்லோரும் யோசித்தார்கள். எல்லோரையும்விட அதிகம் யோசித்தவள் நான். போய் வா என்று என் கணவர் சொன்ன பிறகும் யோசித்தேன். கப்பலில் ஏறி உட்கார்ந்த பிறகும் யோசித்தேன்.

மாமியார் ஒரு நிபந்தனையோடுதான் அனுப்பினார். நான் அங்கே இருக்கும்போதே பாப்பாவுக்கு முதல் சோறு ஊட்டும் பருவம் வந்துவிடும். "அதைக் கோயில்ல வச்சு, சின்ன மாமா கையால ஊட்டச் சொல்லு. நம்ம மனுஷங்க கை தவிர வேற கை பட்ட ஒரு பருக்கைகூடப் பிள்ளை வாய்க்குள்ள போகக் கூடாது. எனக்கு வாக்குக் குடு, தனம்" என்றார். கொடுத்தேன். சின்ன மாமா என்பவர் என் மாமனாரின் தம்பி. சிங்கப்பூர் டவுனில் அரிசிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கு வந்திருந்தவர் திரும்பும்போது என்னையும் குழந்தையையும் அழைத்துப் போனார்.

கப்பலின் மேல்தட்டில் ஒவ்வொரு கூட்டத்தாரும் தனித்தனியாக அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். அடுப்புக்கும் அடுப்புக்கும் நடுவே வேலி கட்டாத குறைதான். ஒரு நாள் கடல் கொந்தளித்துக் கப்பல் சாய்ந்ததில் எல்லோருடைய பாத்திரங்களும் சேர்ந்து உருண்டோடி ஒரே மூலையில் குவிந்தன. அலை ஓய்ந்ததும் "இது எங்க சொம்பு", "அது எங்க கரண்டி" என்று பெரிய பஞ்சாயத்து நடந்தது. சின்ன மாமா தம்முடைய வெண்கலப் பானையை மீட்டு, திரும்பத் திரும்ப அலம்பினார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாப்பாவின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இறங்கிய அன்று மழை. மார்கழியாயிற்றே என்று பாப்பாவுக்குக் கம்பளிக் குல்லா போட்டிருந்தேன். அந்த ஊர் மார்கழிக்குக் குளிரே தெரியாது. புழுங்குகிறது, மழை கொட்டுகிறது, மறுபடியும் புழுங்குகிறது. வேர்க்குரு வந்துவிடுமோ என்று குல்லாவைக் கழற்றினேன். சளி பிடித்துவிடுமோ என்று மறுபடி போட்டேன். வழியெல்லாம் இதே வேலை.

மனிதர் இழுக்கும் ரிக்‌ஷா வண்டியில் அன்றுதான் முதல்முதலாக ஏறினேன். ஒரு சீனர் எங்களை இழுத்துக்கொண்டு ஓடும்போது நான் என் கனத்தைக் குறைத்துக்கொள்ள மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். சிராங்கூன் ரோட்டில் திரும்பியதும் எருமைக் கூட்டம் ஒன்று எதிரே வந்தது. அந்தப் பக்கமெல்லாம் மாட்டுப் பட்டிகள். சாலையில் மனிதர்களைவிட எருமைகளுக்குத்தான் உரிமை அதிகம். வண்டிக்காரர் எருமைகளைப் பார்த்து நின்றார், எருமைகள் எங்களைப் பார்த்து நின்றன. ஒன்று மட்டும் சாவகாசமாகக் கிட்டே வந்து, என் காலடியில் ஊறுகாய் ஜாடியைச் சுற்றி வைத்திருந்த வைக்கோலை இழுத்தது. வைக்கோலோடு ஜாடியும் போயிற்று. அம்மா அக்காவுக்கென்று போட்டுக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய் முழுவதும் சிராங்கூன் ரோட்டில் சிந்திக் கிடந்தது.

நான் அழுவதற்குள் இரண்டு கடை தள்ளியிருந்த வீட்டிலிருந்து அக்கா ஓடிவந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். "ஊறுகாய் வாசனை வந்துச்சுடி. நீ வந்துட்டேன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள். குனிந்து, உடைந்த ஜாடியின் அடிப்பாகத்தில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். சின்ன மாமா தலையில் அடித்துக்கொண்டார். சிங்கப்பூர் என்றால் எனக்கு இன்றைக்கும் முதலில் ஞாபகம் வருவது அந்த மூடிய கண்கள்தான்.

அக்காவின் வீடு கீழே ஒரு கூடம், மேலே ஓர் அறை. அத்தான் ஒரு கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. அந்த ஊர்க் கடைவீடுகளின் முன்னால் நடந்துபோக மேற்கூரை போட்ட பாதை உண்டு. ஐந்தடி அகலம் என்பதால் அதற்கு அஞ்சடி என்றே பெயர். மறுநாள் பிற்பகலில்தான் அந்த அஞ்சடிக்கு வேறொரு உபயோகம் இருப்பதைப் பார்த்தேன்.

அக்கா பிற்பகல்களில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவந்தாள். காய்ச்சலில் நின்றிருந்ததை அன்று மறுபடி தொடங்கினாள். கிராணிகளின் மனைவிமார் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்தில் சுண்ணாம்புக் கம்பம் என்ற குடியிருப்பில், சுண்ணாம்பு சுடும் காளவாய்களில் வேலை செய்யும் பெண்கள் வெளியே அஞ்சடியில் உட்கார்ந்து திறந்த கதவு வழியாகப் பார்த்து எழுதினார்கள். அக்கா வாசற்படியில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கற்பித்தாள். மழைச் சாரல் அடித்தால் வெளியே இருப்பவர்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு கலைந்துபோவார்கள்.

"உள்ள வரச்சொன்னா உள்ள இருக்கறவங்க வெளிய போயிடுவாங்க. யாரையும் விட எனக்கு மனசில்ல. படியில நின்னு நின்னு காலு கடுக்குதுடி" என்றாள் அக்கா.

அதற்கு அவள் ஓர் ஏற்பாடு யோசித்து வைத்திருந்தாள். காய்ச்சலில் படுத்தபடி யோசித்தாளாம். பொங்கலன்று எருமைப் பட்டிக்குப் பின்னாலிருக்கும் வெற்று நிலத்தில் ஊர்ப் பொங்கல். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. எல்லாம் ஒரே பானையில். சாப்பிடுவது ஒரே வரிசையில். "ஒரு தரம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுட்டா, அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து எழுதறதுக்கு என்ன கஷ்டம்?" என்றாள்.

"உங்க அக்கா காய்ச்சல்ல பாதி ஊரையே கூட்டிட்டா லா" என்றார் அத்தான். அந்த 'லா'வை அந்த ஊர்த் தமிழர்கள் எங்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கும் தொற்றிக்கொண்டது.

சின்ன மாமா இதற்கு ஒப்புக்கொண்டதுதான் ஆச்சரியம். அவர் சரி என்றால் மற்றக் கடைக்காரர்களும் வருவார்கள். டவுன் கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிறவரை வரவழைத்து அவர் கையால் பொங்கினால் தமக்கு ஆட்சேபணை இல்லை என்றார். "அரிசி யார் வீட்டு அரிசியா இருந்தா என்ன? நான் விக்கற அரிசிய யாரு அறுத்தாங்கன்னு எனக்குத் தெரியுமா? கொதிக்கிறப்ப யார் கிண்டறாங்கங்கறதுதான் விஷயம்" என்று எனக்கு விளக்கினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மாமியாருக்குக் கொடுத்த வாக்குக்கும் பழுதில்லை. அக்கா எண்ணமும் நிறைவேறும். நான் நிம்மதியாகத் தூங்கியது அன்று மட்டும்தான்.

இடையில் ஒரு நாள் சின்ன மாமா கடைக்குப் போய்விட்டு டிராம் வண்டியில் திரும்பினேன். மாடும் குதிரையும் இல்லாமல் தலைக்கு மேல் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் வண்டி. எங்கே இறங்குவது என்று கேட்க வெட்கப்பட்டு, அக்கா வீட்டைக் கண்ணால் பார்த்தே கடந்து, தோட்டங்களும் தென்னை மரங்களுமாக வரும் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டேன். பாப்பா வீறிட்டு அழுதாள். எதிரே இருந்த தாடி வைத்த பெரியவர், "தங்கச்சி நாகப்பட்டினமா? பிள்ளையச் சமாதானப்படுத்தறதுலயே தெரியுது" என்றார். நாகூர்க்காரர், மசாலாச் சாமான் வியாபாரி, பெயர் காதர் பாய். தம் வேலையை விட்டுவிட்டு அதே டிராமில் திரும்ப வந்து என்னை வாசலில் சேர்த்தார். வழியெல்லாம் நாகூர்க் கந்தூரியையும் கடற்கரைக் காற்றையும் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார். பொங்கலைப் பற்றிச் சொன்னதும், "ஊர் முழுக்கச் சாப்பிடணும்னா பானை பத்தாது. நோன்புக் கஞ்சி காய்ச்சற அண்டா எங்கிட்ட இருக்கு. அனுப்பி வைக்கறேன். கவுச்சி படாத அண்டா, பயப்படாதீங்க" என்றார்.

பிடி அரிசி வரத் தொடங்கியது. அக்கா கூடத்தில் வாசற்படியை ஒட்டிப் பெரிய கூடை ஒன்றை வைத்து, அதைச் சுற்றித் தினமும் ஒரு கோலம் போட்டாள். கோலத்தில் பாதியை அவள் உள்ளேயிருந்து போடுவாள். மீதியை வாசற்படிக்கு வெளியே காளவாய்ப் பெண்கள் போட்டு இழுத்துவந்து சேர்ப்பார்கள். வந்த அரிசியைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். ரங்கூன் புழுங்கல், சயாம் பச்சரிசி, கூலியாட்களுக்குப் படியளக்கும் நொய், சிவப்பரிசி, மலாய்க்காரர்கள் பலகாரம் செய்யும் பசையரிசி. கூடையில் கை விட்டு அளைந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கையில் படும். "பார்த்தியா, நம்ம ஊரே உள்ள கிடக்கு" என்று அக்கா பூரித்துப்போவாள்.

பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பெண்கள் சேர்ந்து செய்த அசட்டுத்தனம் இது. இவ்வளவு அரிசியையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எப்படி வேகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அரிசி ஒற்றுமையாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு மடைப்பள்ளிக்காரர் வந்தார். கூடைக்குள் பார்த்தார். ஒரு சின்னப் பானையில் கொஞ்சம் போட்டு வேகவைத்து எங்கள் முன்னால் கவிழ்த்தார். நொய் கூழாகிவிட்டது. புழுங்கல் கல்லுக் கல்லாக நின்றது. பசையரிசி இரண்டையும் பிடித்து ஒட்டவைத்திருந்தது. கரண்டியை நிறுத்தினால் நின்றது.

சின்ன மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "காமாட்சி, இத வச்சுச் சுவர் எழுப்பலாம். பொங்கவா முடியும்?" பிறகு ஆதரவாகவே சொன்னார்: "கவலைப்படாத. நான் ஒரு மூட்டை நல்ல பச்சரிசி அனுப்பறேன். அதப் பொங்கு. இந்தக் கூடையத் தூக்கி எருமைக்குப் போடு."

வாசற்படிக்கு வெளியே முனியம்மா நின்றுகொண்டிருந்தாள். காளவாயில் சிப்பி சுமப்பவள். அக்காவின் மாணவிகளில் எல்லோருக்கும் முந்தி எழுத்துக் கூட்டியவள். "எங்க அரிசி எருமைக்கா? சரிதான். எருமையாவது வேண்டாங்காம திங்கும்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. காய்ச்சல் திரும்ப வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாகப் போய்விட்டது.

அந்தப் பயத்தில்தான் வாயைத் திறந்தேன். "ஏன் அக்கா, ஊறவச்சு அரைச்சுட்டா எல்லாம் ஒண்ணுதானே? கொழுக்கட்டை பண்ணலாமே? தேங்காய்ப்பால்தான் இங்க கொள்ளையாக் கிடைக்குதே."

அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். மடைப்பள்ளிக்காரர் தாடையைச் சொறிந்துகொண்டு, "செய்யலாம். பசையரிசி இருக்கறதால மாவு நல்லாப் பிடிக்கும். ஆனா இத்தனை பேருக்கும் நான் ஒருத்தன் உருட்ட முடியாதும்மா. கை வேணும்" என்றார்.

"கைக்கா பஞ்சம்?" என்றாள் அக்கா, வாசற்பக்கம் திரும்பி. "எல்லாரும் வாங்க. அவங்கவங்களுக்குப் பிடிச்ச உருவத்துல பிடிச்சுப் போடுங்க. ஒண்ணு போல ஒண்ணு இருக்கக் கூடாது!"

அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்பது எனக்கே புரிந்தது. பொங்கலை ஒருவர் கிண்டலாம். கொழுக்கட்டையை எல்லோர் கையும் பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய விரல் அழுந்தியிருக்கும். எது யாருடையது என்று பாலுக்குள் போனபின் யாருக்கும் தெரியாது. சின்ன மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டிருந்தது.

"தனம், நீ படிச்ச பொண்ணுன்னு அண்ணன் சொன்னாரு. இவ்வளவு படிச்சிருப்பேன்னு நினைக்கல" என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "பொங்கலன்னிக்குக் காலையில வந்து உன்னையும் குழந்தையையும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். முதல் சோறு அங்க என் கையால ஆயிடணும். அதுக்கப்புறம் நீங்க எருமையோட உட்கார்ந்து சாப்பிட்டாலும் நான் கேக்க மாட்டேன்" என்றார்.

அது எனக்குத் தப்பிக்க ஒரு வழி. அதைப் பிடித்துக்கொண்டேன். கோயிலில் முதல் சோறு முடிந்துவிட்டால் வாக்கும் நிற்கும், அக்காவும் நோகமாட்டாள். இரண்டு நாளும் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எவ்வளவு சொல்லியும் மனசு ஒரு பக்கமாக உட்காரவில்லை.

பொங்கலன்று விடியும்போதே வெற்று நிலத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. முதல் நாளே பக்கத்து வீட்டுச் சீன அம்மாளின் திருகைக் கல்லில் அரிசியை அரைத்து மாவு கிண்டி வைத்தாயிற்று. அவரும் வந்து பார்த்து, மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். அத்தான் தமிழில் சொன்னார்: "இவங்களும் மார்கழியில இப்படித்தான் மாவ உருட்டிப் பாகுல போடுவாங்களாம். நம்ம உருண்டை கோணலா இருக்காம்."

கோணலாக மட்டுமா இருந்தன? கடல், மாடு, வண்டி, விளக்கு, பிறைநிலா என்று அவரவர் மனசில் இருந்ததெல்லாம் மாவில் வந்தது. ஒரு கிராணி தம் ஆபீஸ் மைக்கூட்டைச் செய்தார். யாரோ ஒருவர் கப்பல் செய்து, அது பாலில் மூழ்கிவிடும் என்று மற்றவர்கள் கேலி செய்ததும் கோபித்துக்கொண்டு இன்னொரு கப்பல் செய்தார். நான் சங்கு செய்தேன். ஊரில் பிள்ளையார் சதுர்த்திக்கு அம்மாவோடு உட்கார்ந்து மாவு பிடித்த நாட்களெல்லாம் விரல் நுனியில் திரும்ப வந்தன. அம்மா சங்கு செய்தால் ஊதலாம் போலிருக்கும். என்னுடையது நத்தை மாதிரி இருந்தது.

காளவாய் ஆட்கள் மாவைத் தொடுவதற்கு முன் முழங்கைவரை கழுவினார்கள். கழுவிவிட்டு வந்து மறுபடியும் போய்க் கழுவினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனியம்மா மாவைத் திரட்டியபடி, "என்னம்மா, என் கையையே பார்க்கறீங்க? நகத்துல சுண்ணாம்பு இருக்கான்னா?" என்றாள்.

"இல்லீங்க, உருவம் அழகா வருதேன்னு பார்த்தேன்" என்றேன். பாதி உண்மை.

"சுண்ணாம்பு இருந்தாத்தான் என்ன? உங்க வீட்டுப் பெரியவர் வெத்தலையில தடவற சுண்ணாம்பு எங்க காளவாயில வெந்ததுதான். அத நாக்குல வச்சுக்கறப்ப யார் கைன்னு கேட்டாரா?" சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் சின்ன மாமா வாய் சிவக்க வெற்றிலை போட்டுக்கொண்டே ரிக்‌ஷாவில் வந்து இறங்கவும் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அவருக்குக் காரணம் தெரியவில்லை. மரியாதைக்குத் தாமும் கொஞ்சம் சிரித்துவைத்தார்.

கோயிலில் நல்ல கூட்டம். போகும் வழியிலேயே பாப்பா தூங்கிப்போனாள். அர்ச்சனை முடிந்து சின்ன மாமா சர்க்கரைப் பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டு வந்தார். பட்டு வேட்டி கட்டி, விபூதி பூசி, நிஜமான பாசத்தோடு குனிந்தார். "எழுப்பும்மா" என்றார்.

எழுப்பக் கை போனது. முனியம்மாவும் அவளைச் சேர்ந்தவர்களும் இந்த வாசலுக்குள் வர முடியாது என்பது அப்போது சும்மா நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்திருக்கவே வேண்டாம். "தூங்கற பிள்ளைய எழுப்பி ஊட்டினா விக்கிக்கும், மாமா" என்று சொல்லிவிட்டேன். அதுவும் பாதி உண்மைதான். அவர் நிமிர்ந்தார். தொன்னையை வாழையிலையில் பொதிந்து என் கையில் கொடுத்தார். "எழுந்ததும் இதத்தான் முதல்ல ஊட்டணும். இதத்தான்" என்றார். என்னைத் திரும்ப அழைத்து வந்தவர் நிலத்தின் ஓரத்திலேயே ரிக்‌ஷாவில் உட்கார்ந்துகொண்டார், இறங்கவில்லை.

நாங்கள் வந்தபோது காதர் பாயின் அண்டாவில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எருமைப் பாலும் தேங்காய்ப்பாலும் பனை வெல்லமும் வாசனைக்குப் போடும் ரம்பை இலையும் சேர்ந்த அந்த வாசனை வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. நுரை விளிம்பைத் தாண்டி வழிந்ததும், பொங்கலோ பொங்கல் என்று எல்லோரும் கத்தியதில் பட்டியிலிருந்த எருமைகள் திரும்பிப் பார்த்தன. கொழுக்கட்டைகளைத் தட்டுத் தட்டாக உள்ளே சரித்தார்கள். மைக்கூடும் கப்பலும் நிலாவும் ஒன்றாக முங்கின.

பாய்களை ஒரே வரிசையாகத்தான் அக்கா விரித்திருந்தாள். யார் எங்கே என்று அவள் சொல்லவில்லை. கிராணிகள், கடைக்காரர்கள் குடும்பமெல்லாம் ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். காளவாய்க் குடும்பங்கள் மறுபக்கமாக உட்கார்ந்தன. நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குப் பாய் காலியாகக் கிடந்தது. ஓரத்திலும் எனக்கு இடம் இருந்தது. அக்கா கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஊறுகாயைக்கூட அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. நான் நடுவில் போய் உட்கார்ந்தேன். பாப்பாவை மடியில் கிடத்திக்கொண்டேன்.

இலைகளில் பரிமாறினார்கள். பரிமாறி முடிந்தும் யாரும் கை வைக்கவில்லை. கிராணிகள் இருந்த இந்தப் பக்கத்தார் இலையில் விழுந்ததை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் தொடாமல் எழுந்துவிட்டால் எப்படி மூஞ்சியை வைத்துக்கொள்வது என்று அவர்கள் தயாராகிக்கொண்டிருந்தது எனக்குப் பக்கத்திலிருந்து தெரிந்தது. முனியம்மா ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாப்பா விழித்துக்கொண்டாள். என் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தாள். என் ஒரு கையில் கோயில் பொட்டலம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ரிக்‌ஷாவிலிருந்து சின்ன மாமா பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. நான் பொட்டலத்தைப் பாயில் வைத்தேன்.

என் இலையில் ஒரு மீன், ஓர் உருண்டை, ஓர் எருமை. எருமையின் கொம்பைக் கிள்ளினேன். பாலில் தோய்த்து, இரண்டு விரலுக்கு நடுவே கட்டி இல்லாமல் நசுக்கினேன். சூடு இருக்கிறதா என்று மணிக்கட்டில் தொட்டுப் பார்த்தேன். தொண்டையில் சிக்குமோ என்று இன்னும் நசுக்கினேன். பிறகு, இதற்குமேல் நசுக்க ஒன்றும் இல்லை என்றானதும், பாப்பாவின் உதட்டுக்குள் வைத்தேன்.

முகத்தைச் சுளித்தாள். நாக்கால் வெளியே தள்ளினாள். வரிசை முழுவதும் மூச்சை இழுத்தது. வழிந்ததை வழித்து மறுபடி வைத்தேன். யோசித்தாள், என்னைப் போலவே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. பிறகு தொண்டை அசைந்தது.

"முழுங்கிட்டா!" என்று கத்தினாள் முனியம்மா.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. எனக்கு இடப்பக்கம் இருந்த கிராணியின் மனைவி குனிந்து சாப்பிடத் தொடங்கினார். "யாரு மைக்கூடு செஞ்சது? வேகவே இல்ல" என்று ஒரு குரல். "என் கப்பல் யார் இலையில? பார்த்துத் தின்னுங்க!" என்று இன்னொரு குரல். கடைக்காரக் குடும்பம் ஒன்று எழுந்து போனது உண்மை. மற்றவர்கள் இருந்தார்கள்.

பாதிச் சாப்பாட்டில் சின்ன மாமா இறங்கி வந்தார். பாயிலிருந்த கோயில் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். வரிசையின் கடைசியில், ஒரு காளவாய்க்காரருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்துக் கோயில் பொங்கலைத் தனியாகச் சாப்பிட்டார். அண்டாவிலிருந்து ஒரு துளி தொடவில்லை. ஆனாலும் உட்கார்ந்தது எங்கள் வரிசையில்தான். "இது போதும் லா" என்று அத்தான் என் காதில் சொன்னார்.

அடுத்த வாரம் வகுப்புக்குக் கிராணிகளின் மனைவிமாரில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள் பாயை நகர்த்தி இடம் விட்டார்கள். அஞ்சடியில் இருந்தவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அக்கா அன்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே பாடம் சொன்னாள். நான் ஊர் திரும்பும்வரை அந்தக் கூடத்தில் மழைக்காக யாரும் எழுந்துபோனதில்லை. காசும் காலமும் இருந்து என்னை எங்காவது கொண்டுபோய் விட முடியுமானால், அந்தப் பிற்பகல்களில் ஒன்றில் கொண்டுபோய் விடுங்கள் என்று சொல்வேன்.

நாகப்பட்டினத்தில் வண்டியிலிருந்து இறங்கியதும் மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டார். கன்னம் உப்பியிருக்கிறதா, எலும்பு தேறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். "முதல் சோறு ஆச்சா?" என்றார்.

"ஆச்சு அத்தை."

"யார் கையால?"

கப்பலில் வந்த நாளெல்லாம் இதற்கு நாலைந்து பதில்கள் செய்து வைத்திருந்தேன். "ஊட்டினது நான்தான். செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியாது. யார் வேணும்னாலும் இருக்கலாம், அத்தை. அங்க எல்லாரும் செஞ்சாங்க" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், என் வாக்கை நான் காப்பாற்றவில்லை என்பதையும்.

அவர் குழந்தையைக் கொல்லைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். மஞ்சளைக் கரைத்தார், துளசியைக் கிள்ளிப் போட்டார், ஏதோ முணுமுணுத்துக்கொண்டே குடத்தைச் சரித்துத் தலையில் ஊற்றினார். தீட்டுப் போகட்டும் என்று இன்னொரு குடம் ஊற்றினார். நான் துண்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். போதும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. பாப்பாவுக்குத் தண்ணீர் என்றால் உயிர். சொட்டச் சொட்ட உட்கார்ந்துகொண்டு பாட்டியைப் பார்த்து இரண்டு கையையும் தட்டி, இன்னும் ஊற்று என்று வாயைத் திறந்து சிரித்தாள்.